உட்கார்ந்து சாப்பிடப் போகிறவள்

மன்னார்குடியிலிருந்து வந்த டவுன் பஸ் ஆலங்கொல்லை முக்கில் நின்றபோது மதிவதனி முதலில் பார்த்தது தன்னுடைய முகத்தைத்தான். எட்டடி உயரத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஃப்ளெக்ஸ் அடித்த புண்ணியவான் அவளுடைய நிறத்தை நாலு படி ஏற்றிவிட்டிருந்தான். முகத்துக்கு இடது பக்கம் தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரம், வலது பக்கம் உலக உருண்டை, தலைக்கு மேலே ஒரு புறா. 'எங்கள் ஊரின் முதல் அரசு மேல்நிலைப்பள்ளி ஆங்கில ஆசிரியை மதிவதனி எம்.ஏ., பி.எட்.' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே 'வாழ்த்தி மகிழும் காத்தான் – அம்சவல்லி குடும்பத்தார் மற்றும் தெருவாசிகள்' என்று முடித்திருந்தார்கள்.

பெட்டியை இறக்கி வைத்த கண்டக்டர் ஃப்ளெக்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதானா மேடம் அது? வாழ்த்துகள்" என்றார். ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை. பஸ் போய்விட்டது.

விஷயம் இவ்வளவுதான். அந்த அரசாங்க வேலையை அவள் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வியட்நாமிலிருந்து திருச்சி வரைக்கும் விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். அதற்குள் ஊர் முந்திக்கொண்டது. நம் பக்கத்து ஆட்களுக்குச் சந்தோஷம் வந்தால் முதலில் ஃப்ளெக்ஸ். சம்பந்தப்பட்டவரைக் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பரீட்சையை அவள் எழுதியதே அப்பாவின் வாயை அடைப்பதற்காகத்தான். போன விடுமுறையில் வந்திருந்தபோது, "ஒரே ஒரு தடவை எழுதிப் பாரு புள்ள, எனக்காக" என்று காத்தான் விடாமல் நச்சரித்தார். எழுதினாள். தேறமாட்டோம் என்று தைரியமாக இருந்தாள். தன் மூளையைப் பற்றி அவளுக்கு எப்போதுமே குறைவான மதிப்புதான். இப்போது பட்டியலில் பெயர் வந்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தஞ்சாவூர் வரச்சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

அவளுடைய கணக்கு வேறு. ஏழு வருஷமாக ஹைபோங் என்ற துறைமுக ஊரில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்றுத்தருகிறாள். பகலில் ஒரு பள்ளிக்கூடம், சாயங்காலம் ஒரு பயிற்சி மையம். போன புதிதில் இந்திய பாஸ்போர்ட்காரி என்று சம்பளத்தைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். விளம்பரத் தட்டியில் வைக்க வெள்ளைக்காரன் முகம்தான் வேண்டும் என்று மையத்து மேலாளர் முகத்துக்கு நேராகவே சொன்னார். மதிவதனி நேராக வகுப்புக்குள் போனாள். ஆடினாள், பாடினாள், தொண்டை கட்டும்வரை கத்தினாள். இரண்டே வருஷத்தில் பெற்றோர்கள் வாசலில் நின்று அவளுடைய வகுப்புதான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். சம்பளம் தானாக ஏறியது. முகத்தை மட்டும் இன்றுவரை தட்டியில் போடவில்லை. சொந்த ஊரில் போட்டார்கள், வெள்ளையடித்து!

ஏறிய சம்பளத்தை அவள் தொடவில்லை. ஒற்றை அறை, பழைய சைக்கிள், கையால் வடித்த சோறு. மிச்சமெல்லாம் மாதம் தவறாமல் முதலீட்டுக்குப் போனது. இன்னும் இரண்டு வருஷம் இப்படியே ஓட்டிவிட்டால், போட்ட முதலில் கை வைக்காமல் அது கொடுக்கிற வருமானத்திலேயே சிக்கனமாகக் காலம் தள்ளலாம். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. அதற்குமேல் யாருக்கும் வேலை செய்யவேண்டியதில்லை. மேகாங் ஆறு கடலில் விழும் இடத்திலிருந்து அது பிறக்கும் மலை வரைக்கும் போகவேண்டும். எகிப்தில் நைல் எப்படிப் பிரிகிறது என்று பார்க்கவேண்டும். ஆறு பிரிந்து நெல் விளைகிற ஊர் உலகத்தில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய், ஒரு மாதம் இரண்டு மாதம் தங்கி, பிடித்தால் இருந்து, பிடிக்காவிட்டால் கிளம்பவேண்டும். சோம்பேறித்தனத்தில் வந்த ஆசை இல்லை இது. சோம்பேறியால் ஏழு வருஷம் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கமுடியாது.

வீட்டில் காத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அறுபத்தைந்து வயது மனிதர், கூட்டுறவுச் சங்கத்துக்கும் டீக்கடைக்குமாக நடந்து, விட்டுப்போனவர் ஒருவர்கூட இல்லாமல் செய்தியைச் சேர்த்துவிட்டு வந்திருந்தார். "பாத்தியா தட்டிய? முக்குலயே வைக்கச் சொன்னேன். பஸ்ல போறவன்லாம் பாக்கணும்ல" என்றார். மதிவதனி, "பாத்தேன்ப்பா" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அதற்குமேல் அவளால் முடியவில்லை. கல்யாணம் எப்போது என்று கேட்பதை ஊர் இரண்டு வருஷத்துக்கு முன்பே கைவிட்டிருந்தது. இப்போது வேலை வந்துவிட்டதால் அதையும் மறுபடி தொடங்கினார்கள்.

மறுநாள் காத்தானின் சொந்த வயலில் சம்பா நடவு. மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். மேல வயல், கீழ வயல் என்று இரண்டு துண்டு. எல்லோரும் மெஷினுக்குப் போய்விட்ட பிறகும் காத்தான் ஆள் விட்டுத்தான் நடுவார், ஏனென்றால் நடவுக் கூட்டத்தை நடத்துகிறவளே அவர் பெண்டாட்டி அம்சவல்லிதான். மதிவதனி டீத் தூக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் போனாள்.

பாதி வரப்பில் திடீரென்று குலவைச் சத்தம். நடவு வரிசையிலிருந்து ஒருத்தி ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வந்து, கட்டு அவிழாத நாற்றுமுடி ஒன்றை மதிவதனியின் காலுக்கு முன்னால் வைத்தாள்.

"டீச்சரம்மா, முடி வச்சாச்சு. காசு குடுக்காம தாண்ட முடியாது, ஆமா!"

"எக்கா, என்னக்கா இது?" மதிவதனிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே என்னவோ போலவும் இருந்தது.

"எக்காவாவது நொக்காவாவது. அரசாங்க சம்பளக்காரி நீ. ஐநூறாக் குடு."

அந்த வழக்கம் அவளுக்குத் தெரியும். நடவு நடக்கும்போது நிலத்துக்காரர் வரப்பில் வந்தால், அல்லது சட்டை மடிப்புக் கலையாத அதிகாரி யாராவது வந்தால், பெண்கள் அவர் காலடியில் நாற்றுமுடியை வைத்து மறித்துக் காசு கேட்பார்கள். கொடுத்துவிட்டுத்தான் தாண்டமுடியும். இந்த வயலுக்குச் சொந்தக்காரர் காத்தான்தான் என்றாலும் அவர் காலில் ஒருநாளும் யாரும் முடி வைத்ததில்லை. அவர் கால் வரப்பில் இருந்தால்தானே? எந்நேரமும் சேற்றுக்குள்தான் இருக்கும். அவர்கள் தெருவில் பிறந்த ஒரு ஆளை மறித்து முடி வைத்தது இதுதான் முதல் தடவை.

மதிவதனி காசைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, நாற்றுக்கட்டைத் தோளில் சுமந்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கக்கூட அவர் முயற்சி செய்யவில்லை. அவள் டீத் தூக்கை வரப்பில் இறக்கி வைத்தாள். இனி ஒருநாள் தள்ளினாலும் தன்னால் சொல்லவே முடியாமல் போய்விடும் என்று தோன்றியது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் வீட்டுக்கு வந்ததும் போட்டு உடைத்தாள்.

"அப்பா, நான் அந்த வேலைக்குப் போவல."

காத்தான் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "விளையாடாத."

"விளையாடலப்பா. ரெண்டு வருஷத்துக்கு அங்கேயே காண்ட்ராக்ட் போட்டிருக்கேன்."

"சரி, ரெண்டு வருஷம். அப்பறம்?"

"அப்பறம் வேலையை விட்ருவேன்."

"விட்டுட்டு?"

இங்கேதான் அவள் தப்புச் செய்தாள். பேச்சை லேசாக்கலாம் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே, "விட்டுட்டு, ஆசைப்பட்ட ஊரையெல்லாம் சுத்திப் பாத்துட்டு, உக்காந்து சாப்பிடுவேன்" என்றாள். வேறு எந்த வீட்டில் சொல்லியிருந்தாலும் ஒருவேளை யாராவது சிரித்திருப்பார்கள். பண்ணைக்கு உழைத்த வீட்டில், அதுவும் காத்தானிடம், சொல்லக்கூடிய வார்த்தையா அது?

காத்தான் தட்டிலேயே கையைக் கழுவினார்.

"உக்காந்து திங்கிறவங்கள நான் பாத்திருக்கேன்டி. களத்துமேட்டுல சாய்வு நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு பண்ணையார். எங்கப்பன் குனிஞ்ச குனியிலயே செத்தாரு. அவங்க உக்கார்றதுக்கு நாங்க குனிஞ்சோம். நீ உக்காரணும்னா எவன் குனியப் போறான்? அதச் சொல்லு மொதல்ல."

"அப்படி இல்லப்பா. நான் சம்பாதிச்சதப் போட்டு வச்சிருக்கேன். அது வருஷா வருஷம் குடுக்கும். இப்ப நெலத்தக் குத்தகைக்கு விட்டா வருமே, அது மாதிரி…"

எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றியாயிற்று. "குத்தகையா!" என்று எழுந்துவிட்டார் காத்தான். "குத்தகை வாங்கித் திங்கிற ஆளா ஆயிட்டியா நீ? அவளுக காலைல உங் கால்ல முடி வச்சாளுகளே, உழைக்கிற வாத்தியாரம்மான்னு நெனச்சுல்ல வச்சாளுக! பண்ணையாருன்னு சொல்லியிருந்தா அந்த முடியத் தூக்கி மூஞ்சிலயே அடிக்கச் சொல்லியிருப்பேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோபத்தில் மதிவதனியும் குறைந்தவள் இல்லை. அவரிடம் போய் நிற்பதில்லை என்று இருந்தாள். ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எவன் குனியப் போகிறான்? அவளுடைய பணம் எங்கெங்கோ யார் யாருடைய உழைப்பிலோதான் பெருகுகிறது. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. 'ஏழு வருஷம் நானும் குனிந்தேன்' என்பதைத் தவிர அவளிடம் வேறு பதில் கிடையாது. அது முழுப் பதில் இல்லை என்பதும் தெரியும். இருந்தாலும் முடிவிலிருந்து அவள் இறங்குவதாக இல்லை.

அம்சவல்லி இரண்டு பேருக்கும் நடுவில் தூது போகவில்லை. மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"ஒக்காந்து சாப்பிட்டா ஒடம்பு வீங்காதா?"

"நடந்துகிட்டே இருப்பேன்ம்மா. ஊரு ஊரா."

"யாரும் வெரட்ட மாட்டாங்களா?"

"காசு இருந்தா வெரட்ட மாட்டாங்க."

அம்சவல்லி இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். "அவரு கெடக்காரு. பண்ணை வூட்டுக்காரங்க ஒக்காந்ததையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு எனக்கு. நம்மள்ல ஒருத்தி ஒக்காந்தா எப்படியிருக்கும்னு நானும் பாத்துடறேன். ஆனா ஒண்ணு, அவருகிட்டச் சொல்லிட்டுப் போ. சொல்லாம ஓடிப்போன மாதிரி போவாத."

சான்றிதழ் சரிபார்ப்பு நாளும் வந்தது. காலையில் மதிவதனி எழுந்து வெளியே வந்தபோது, காத்தான் வெள்ளைச் சட்டையும் சலவை வேட்டியுமாக டிவிஎஸ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடுவதற்கு. பேசாமல் இருந்தே காரியத்தைச் சாதித்துவிடலாம் என்று மனிதர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்! அவளுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"ஃபைலு எங்க?" என்றார். அத்தனை நாளில் அதுதான் முதல் பேச்சு.

"எடுக்கலப்பா. நான் போகலன்னா எனக்கு அடுத்தாப்ல இருக்கிற ஆளக் கூப்புடுவாங்க. அவங்களுக்கு அந்த வேலை தேவையா இருக்கும். எனக்கு வேணாம்."

காத்தான் வண்டிச் சாவியைக் கழற்றினார். மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளை வேட்டியோடேயே வயலைப் பார்த்து நடந்தார். மதிவதனியும் பின்னாலேயே போனாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் கரை தொட்டு ஓடியது. காத்தான் மேல வயலின் மடையை வெட்டிவிட்டார். நட்டு மூன்று நாளான பயிருக்கு நடுவில் தண்ணீர் பரவத் தொடங்கியது. அவர் மண்வெட்டிக் கம்பில் கையை ஊன்றி நின்றார். மதிவதனி வரப்பில் உட்கார்ந்தாள்.

"நீங்களும் உக்காருங்கப்பா."

"வேல கெடக்கு."

"தண்ணி அது பாட்டுக்குப் பாயுது. நெறையற வரைக்கும் உங்களுக்கு என்ன வேல?"

"நின்னு பாக்கணும்."

"யாரு சொன்னா?"

 காத்தான் தண்ணீரைப் பார்த்தார். பிறகு யாருக்கோ சொல்வது போல ஆரம்பித்தார். "சின்னப் பையன் நானு. பண்ணை வயலுக்குத் தண்ணி கட்ட விட்டாங்க. கால் கடுத்துச்சு, மடைக்குப் பக்கத்துல குந்துனேன். பண்ணைய மேப்பாக்குற காரியக்காரரு பின்னாடி வந்ததப் பாக்கல. கையில வச்சிருந்த கொம்பு ஒடையிற வரைக்கும் அடிச்சாரு. எங்கப்பன் அங்கதான் நின்னாரு. ஒண்ணும் கேக்கல. அதுக்கப்பறம் தண்ணி பாயிறப்ப நான் ஒக்காந்ததே இல்ல."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்சவல்லிக்குக்கூடத் தெரிந்திருக்காது. மதிவதனிக்கு அந்தக் காரியக்காரரை இப்போதே தேடிப்போய் அடிக்கவேண்டும் போல இருந்தது. அவர் செத்து எத்தனை காலமோ.

"நானும் ஒண்ணு சொல்றேன்ப்பா" என்றாள். "அத்தை செத்தப்ப நான் சாவுக்கு லேட்டா வந்தேன்னு திட்டுனீங்களே, ஞாபகம் இருக்கா? பஸ்ஸு கெடைக்கலன்னு சொன்னேன். பொய்யி. நான் அப்ப வேலை பாத்த பிரைவேட் பள்ளிக்கூடத்துல லீவு கேட்டுப் போயி நின்னேன். பிரின்சிபால் தலையத் தூக்கவே இல்ல. சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் ரூமுக்கு வெளியிலயே நிக்க வச்சுட்டு, அப்பறம் அரை நாள் சம்பளத்தப் புடிச்சுக்கிட்டு அனுப்புனாரு. நான் வர்றதுக்குள்ள அத்தைய எடுத்துட்டாங்க. மொகத்தப் பாக்கல நான்."

காத்தான் திரும்பினார்.

"அன்னைக்கு முடிவு பண்ணேன்ப்பா. அரசாங்க வேலைன்னாலும் லீவு லெட்டர் எழுதிக் கேக்கத்தான் வேணும். நம்ம வூட்ல யாருமே யாரையும் கேக்காம எந்திரிச்சுப் போனதில்ல. உக்காந்ததும் இல்ல. ஒரு ஆளாவது அப்படி இருக்கணும். அது நானா இருக்கேன். நீங்க சரின்னு சொன்னாலும் போவேன், சொல்லாட்டியும் போவேன். ஆனா நீங்க சொன்னீங்கன்னா நல்லாயிருக்கும்."

வெயில் ஏறிவிட்டது. தஞ்சாவூரில் இந்நேரம் அவள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள். அது காத்தானுக்கும் தெரியும். மண்வெட்டியை வரப்பில் சாய்த்தார். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மெதுவாக மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முழங்காலில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பின்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அங்கே யாரும் இல்லை.

"எப்படிப்பா இருக்கு?"

"பயமா இருக்குடி" என்றார் காத்தான்.

அப்பாவின் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. பாம்பை வெறும் கையால் பிடித்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எறிகிற மனிதர். "எனக்கும்தான்ப்பா" என்றாள். அது உண்மைதான். வேலையை விட்ட மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்பது அவளுக்கும் இன்னும் தெரியாது.

வயலில் தண்ணீர் போதுமான மட்டத்துக்கு வந்துவிட்டது. காத்தானின் கை தானாக மண்வெட்டியைத் தேடியது. அதற்குள் மதிவதனி எழுந்துவிட்டாள்.

"நீங்க இருங்க."

"ஒனக்கு மடை அடைக்கத் தெரியாது."

"சொல்லுங்க, அடைக்கிறேன்."

சுடிதாரை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதல் இரண்டு வெட்டு மண்ணைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. "புல்லோட சேத்து வெட்டு! சேத்து வெட்டுனாத்தான் நிக்கும்" என்று வரப்பிலிருந்து சத்தம் வந்தது. குனிந்து, புல்லோடு சேர்த்து வெட்டி, காலால் மிதித்து அழுத்தினாள். மடை நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

காத்தான் எழுந்திருக்கவில்லை. இரண்டு காலையும் நன்றாக நீட்டி, கைகளைப் பின்னால் ஊன்றிச் சாய்ந்திருந்தார். சலவை வேட்டி முழுக்கச் சேறு. முகம் அழுகிற முகமா சிரிக்கிற முகமா என்று சொல்ல முடியவில்லை.

"அப்படியே கீழ வயலுக்கும் தொறந்து வுட்டுட்டு வா" என்றார். "நான் இங்கதான் ஒக்காந்திருப்பேன்."